எழிமலைக் கடலில் எரிந்த ஹாஜிகளின் கப்பல்

ஆனி பிறந்து ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்று வீசத் தொடங்கிவிட்டால் தென்காசிச் சீமை முழுவதும் குளிர்ந்துவிடும். குற்றாலத்து அருவிகளில் வெள்ளம் கொட்டும். ஆய்க்குடி வயல் வரப்பில் நிற்பவர் தோளிலும் சாரல் வந்து தூவும். மேற்கே மேகம் போர்த்திய மலையைப் பார்த்து, "சீசன் வந்துவிட்டது" என்று மகிழ்கிறோம். அந்தக் காற்று எங்கே புறப்பட்டு, எதைக் கடந்து நம் ஊருக்கு வருகிறது என்று என்றாவது எண்ணிப் பார்த்ததுண்டா, வாசகர்களே?

அரபிக் கடலைக் கடந்துதான் அது வருகிறது. பருவம் என்று பொருள்படும் 'மவ்ஸிம்' என்ற அரபுச் சொல்லே மேலை நாட்டார் வாயில் 'மான்சூன்' ஆயிற்று. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அரபு மாலுமிகளும், குஜராத்திகளும், மாப்பிள்ளைமாரும், நம் மரைக்காயர்களும் அந்தக் காற்றை நம்பியே மரக்கலம் செலுத்தினர். ஆனி, ஆடியில் அது வெறி கொண்டு வீசும்போது மலபார்த் துறைமுகங்கள் அடைபட்டுக் கிடக்கும். ஆவணி, புரட்டாசியில் அதன் வேகம் தணிந்ததும் ஏடனிலிருந்தும் ஜித்தாவிலிருந்தும் கப்பல்கள் மலபார்க் கரைக்கு வந்து சேரும். அவற்றில் சரக்கும் வரும். ஹஜ்ஜை நிறைவேற்றிய ஹாஜிகளும் வருவார்கள்.

மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நமக்கும் அந்தக் கடலுக்கும் உறவு இல்லாமல் இல்லை. கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்கு இரயில் வந்தது 1904இல்தான். அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே, அதே ஆரியங்காவுக் கணவாய் வழியாக மலையாளத்துச் சரக்கு கிழக்கே வந்தது. நம் பக்கத்துச் சரக்கு மேற்கே போயிற்று. நம் வட்டாரத்து ஹாஜிகளும் அண்மைக் காலம் வரை கடல் வழியே சென்றவர்கள்தாம். பம்பாயிலிருந்து ஜித்தாவுக்கு ஹஜ் கப்பல் ஓடியது 1995 வரையில். "கப்பலில் போய் வந்த ஹாஜியார்" என்று சொல்லப்பட்ட பெரியவர்களைக் கடையநல்லூரிலும் தென்காசியிலும் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தப் பெரியவர்கள் புறப்படும்போது ஊரே கூடி அழுததன் காரணம் இளைய தலைமுறையினருக்குப் புரியாமல் இருக்கலாம். கடல் வழி ஹஜ்ஜுக்கு ஒரு நீண்ட, கண்ணீர் நிறைந்த வரலாறு உண்டு. அதில் ஒரு பக்கத்தைத்தான் இங்கே புரட்டப் போகிறோம்.

1502ஆம் ஆண்டு செப்டம்பர் மாத இறுதியில், தணிந்து வந்த அந்தப் பருவக்காற்றைப் பாயில் ஏந்தி ஒரு பெரிய வாணிபக் கப்பல் கள்ளிக்கோட்டையை நோக்கி வந்துகொண்டிருந்தது. 'மீரி' என்பது அதன் பெயராக வரலாற்றில் வழங்குகிறது. அந்த ஆண்டின் ஹஜ் ஜூன் நடுவில் நிறைவுற்றிருந்தது. அரஃபாத்தில் நின்றவர்கள், கஃபாவை வலம் வந்தவர்கள், காற்றுக்காகக் காத்திருந்து கப்பலேறி வந்தார்கள். கப்பலில் 240க்கும் மேற்பட்ட ஆண்கள் இருந்தனர் என்று ஒரு குறிப்பு கூறுகிறது. 380 என்கிறது இன்னொன்று. பெண்களும் குழந்தைகளும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

ஹாஜிகளோடு கள்ளிக்கோட்டையின் பெரும் வணிகர்களும் அதில் இருந்தனர். பத்துப் பன்னிரண்டு செல்வந்தர்கள் இருந்ததாகச் சொல்லப்படுகிறது. அவர்களுள் முதன்மையானவர் ஜவ்ஹர் அல் ஃபகீஹ். மக்காவின் ஆட்சியாளருக்குக் கள்ளிக்கோட்டையில் வாணிபப் பிரதிநிதியாக விளங்கியவர் அவர். மனைவியரும் மருமகனும் அவருடன் பயணம் செய்தனர். கரை அதிக தூரத்தில் இல்லை. கண்ணனூருக்கு வடக்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் எழிமலை, மலபார் வரும் மாலுமிகளுக்கெல்லாம் முதல் அடையாளம். எழிமலை கண்ணில் பட்டுவிட்டால் வீடு வந்துவிட்டது என்று பொருள். இறக்க வேண்டிய மூட்டைகளைக் கட்டத் தொடங்கியிருப்பார்கள். ஊருக்கென்று கொண்டு வந்த ஜம்ஜம் நீரும் பேரீச்சம் பழமும் அந்த மூட்டைகளில் இல்லாமலா இருந்திருக்கும்?

எழிமலைக்கு அருகே வேறு கப்பல்கள் காத்திருந்தன.

காத்திருந்தவர்கள் யார்?

வாஸ்கோ ட காமா என்ற பெயரை நம் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பிலேயே படித்துவிடுகிறார்கள். 1498இல் அவன் கள்ளிக்கோட்டைக்கு வந்ததைப் பாடப் புத்தகங்கள் பெருமையாகக் கூறும். 1502இல் அவன் இரண்டாம் முறை வந்ததைப் பற்றி அவை அதிகம் பேசுவதில்லை. முதல் முறை வந்தவன் வழி தேடி வந்தான். இரண்டாம் முறை வந்தவன் பீரங்கி பூட்டிய பெரும் கடற்படையோடு வந்தான். அந்த ஆண்டு பிப்ரவரியில் 15 கப்பல்களுடன் அவன் லிஸ்பனை விட்டுப் புறப்பட, அவனுடைய உறவினன் எஸ்தவாவோ ட காமா மேலும் 5 கப்பல்களுடன் பின்தொடர்ந்தான்.

நடந்ததை நேர்மையாகச் சொல்வதானால் இடையில் 1500ஆம் ஆண்டில் நிகழ்ந்ததையும் சொல்ல வேண்டும். கப்ரால் என்பவன் தலைமையில் வந்த போர்த்துக்கீசியர் கள்ளிக்கோட்டையில் ஒரு பண்டகசாலை அமைத்தனர். துறைமுகத்தில் முஸ்லிம் வணிகரின் கப்பல் ஒன்றை அவர்கள் கைப்பற்றவே கலவரம் மூண்டது. பண்டகசாலை தாக்கப்பட்டு ஐம்பதுக்கும் மேற்பட்ட போர்த்துக்கீசியர் கொல்லப்பட்டனர். அதற்குப் பழியாகத் துறைமுகத்தில் நின்ற வாணிபக் கப்பல்கள் பலவற்றைக் கப்ரால் கைப்பற்றி, இருந்தவர்களைக் கொன்று, தீயிட்டான். நகரத்தையும் பீரங்கியால் தாக்கினான். இரு பக்கமும் இரத்தம் சிந்தியிருந்தது. அந்தப் பழைய கணக்கைத் தீர்க்கவே தான் வந்திருப்பதாக ட காமா கூறிக்கொண்டான்.

பழி என்பது வெளியே சொல்லப்பட்ட காரணம். உள்ளே இருந்தது மிளகு. மலபாரில் விளையும் மிளகு செங்கடல் வழியே எகிப்துக்கும், அங்கிருந்து வெனிசு நகரத்து வணிகர் கைக்கும் போய்க்கொண்டிருந்தது. அந்த வழியை அறுத்தால்தான் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவரும் போர்த்துக்கீசிய வழி செழிக்கும். வழியை அறுக்க வேண்டுமானால் அந்த வழியில் செல்வோர் நெஞ்சில் அச்சத்தை விதைக்க வேண்டும். மக்காவிலிருந்து வரும் கப்பலுக்காக அவர்கள் எழிமலைக்கு அருகே வலை விரித்தது இதற்காகத்தான். செப்டம்பர் 29ஆம் நாள் 'மீரி' வந்து சிக்கியது.

விலை பேசிய நாட்கள்

கப்பலில் சில பீரங்கிகள் இருந்தன. ஆயினும் அவர்கள் முதலில் எதிர்த்துப் போரிடவில்லை. அதில் வியப்பு ஏதுமில்லை. அவர்கள் வணிகர்கள். கடலில் கொள்ளையரை அறிந்தவர்கள். கொள்ளையருக்கு வேண்டியது பொருள்; பொருளைக் கொடுத்தால் உயிரை விட்டுவிடுவார்கள் என்பதே அன்றைய கடல் வழக்கம். ஆகவே ஜவ்ஹர் அல் ஃபகீஹ் பேச்சுவார்த்தைக்குச் சென்றார்.

அவர் முன்வைத்த விலையைக் கேளுங்கள். தன்னையும் தன் குடும்பத்தாரையும் விடுவித்தால், ட காமாவின் படையிலுள்ள மிகப் பெரிய கப்பல்கள் நான்கை வாசனைப் பொருள்களால் நிரப்பித் தருவதாகக் கூறினார். சரக்கு வந்து சேரும்வரை தாமே பிணையாக இருப்பதாகவும், மருமகனைக் கரைக்கு அனுப்பி ஏற்பாடு செய்வதாகவும் சொன்னார். கள்ளிக்கோட்டையில் போர்த்துக்கீசியர் இழந்த பொருள்களை மீட்டுத் தரவும், சாமுத்திரி மன்னருக்கும் அவர்களுக்கும் சமாதானம் செய்து வைக்கவும் உறுதி கூறினார். நான்கு கப்பல் மிளகு என்பது அந்நாளில் ஓர் அரசனின் கருவூலத்துக்கு இணையான செல்வம். அதற்காகத்தானே அவர்கள் பாதி உலகத்தைச் சுற்றி வந்திருந்தார்கள்?

ட காமா மறுத்துவிட்டான்.

கப்பலில் உள்ளோர் எல்லாரும் தத்தம் பொருள்களை ஒப்படைக்கும்படி நீயே கட்டளையிடு என்று ஜவ்ஹரிடம் அவன் கூறியபோது, அவர் சொன்ன பதில் குறித்து வைக்கப்பட்டிருக்கிறது. இந்தக் கப்பலுக்கு நான் தலைவனாக இருந்தவரை என் கட்டளை இங்கே நடந்தது; இப்போது தலைவன் நீ, ஆகவே நீயே கட்டளையிட்டுக்கொள் என்ற கருத்தில் அவர் மறுமொழி கூறினார். பிடிபட்டு நிற்கும் ஒரு மனிதரின் வாயிலிருந்து வந்த சொல் இது. பேரம் முடிந்துவிட்டதென்று அந்தக் கணமே அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

பொருள்கள் ஒப்படைக்கப்பட்டன. மனம் போன அளவு கொடுத்தார்கள். ட காமாவின் ஆட்கள் வேண்டிய அளவு எடுத்துக்கொண்டார்கள். சிறுவர்கள் 20 பேரைத் தங்கள் கப்பல்களுக்கு மாற்றிக்கொண்டார்கள். பிறகு, இருந்தவர்களை உள்ளே விட்டுக் கப்பலுக்குத் தீ வைக்கும்படி உத்தரவு பிறந்தது.

தீ

கடலில் தீ என்பது எத்தகையது என்பதைக் கரையில் வாழும் நாம் எளிதில் உணர முடியாது. சுற்றிலும் தண்ணீர், ஆனால் ஓட இடமில்லை. அந்நாளைய மரக்கலமோ தலை முதல் கால் வரை விறகு. இந்தக் கடலில் ஓடிய கப்பல்களிற் பல, பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்து, மீன் எண்ணெய் பூசப்பட்டவை. மேலே பாய்த்துணி, வடக்கயிறு. உள்ளே சரக்குப் பொதி. ஒரு விளக்குத் திரி போதும். பிற்காலத்தில், 1874இல், நியூசிலாந்துக்குக் குடியேறிகளை ஏற்றிச் சென்ற 'காஸ்பாட்ரிக்' என்ற பாய்க்கப்பல் ஆப்பிரிக்காவின் தென்முனைக்கு அப்பால் தீப்பற்றிக்கொண்டது. பர்மாவின் மோல்மீனில் தேக்கினால் கட்டப்பட்ட உறுதியான கப்பல் அது. அதில் சென்ற 470க்கும் மேற்பட்டோரில் முடிவில் பிழைத்தவர்கள் மூவரே. நம் காலத்திலும், 1985 பிப்ரவரியில், சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய 'சிதம்பரம்' கப்பலில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இரும்புக் கப்பல், தீயணைப்புக் கருவிகள், கம்பியில்லாத் தந்தி எல்லாம் இருந்தும் அந்த நிலை. அந்தக் கப்பல் அதன்பின் பயணம் போகவே இல்லை.

அவையெல்லாம் விபத்துகள். எங்கோ ஒரு கவனக்குறைவு. 'மீரி'யில் வைக்கப்பட்டது கை அறிந்து வைத்த தீ.

படகுகள் கப்பலை இழுத்துச் சென்று, வெடிமருந்திட்டுப் பற்றவைத்து விலகின. படகுகள் விலகியதும் உள்ளிருந்தவர்கள் செய்த முதல் காரியம், தீயை அணைத்தது! ஆம், அணைத்துவிட்டார்கள். ஆண்களும் பெண்களும் சேர்ந்து அணைத்தார்கள். இனித் தப்புவதற்கு வழியில்லை என்பது தெளிவானபின் அந்த வணிகர்களும் ஹாஜிகளும் போர்வீரர்களாயினர். ஒளித்து வைத்திருந்த சில பீரங்கிகளை வெளியே எடுத்தனர். கிடைத்த கற்களையெல்லாம் மழையாகப் பொழிந்தனர். நெருங்கி வந்த போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்றைக் கயிறு வீசிப் பிணைத்து, அதன்மேல் தாவி ஏறினர். உடம்பில் தைத்த அம்பைத் தாமே பிடுங்கி, எய்தவன் மீதே திருப்பி எறிந்தவர்களை அங்கே பார்க்க முடிந்ததாம். பிணைக்கப்பட்ட அந்தக் கப்பலைக் காப்பாற்ற வேறு கப்பல் உதவிக்கு வர வேண்டியதாயிற்று.

பெண்கள் என்ன செய்தார்கள்? கழுத்திலும் கையிலும் எஞ்சியிருந்த பொன்னையும் வெள்ளியையும் கழற்றி உயர்த்திக் காட்டினார்கள். உயிரை விட்டால் இவை அத்தனையும் தருகிறோம் என்று கூவினார்கள். சிலர் கைக்குழந்தைகளைத் தூக்கிப் பிடித்தார்கள். அந்தச் சைகையைப் புரிந்துகொள்ள மொழி வேண்டுமா? எங்களை விட்டுவிடுங்கள், இல்லையேல் இவர்களையாவது எடுத்துக்கொள்ளுங்கள். ட காமா தன் கப்பலின் பக்கத் துவாரம் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் பார்க்கவில்லை, அவனுக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று வாதாடுவதற்கு யாருக்கும் வழியில்லாதபடி, அவன் பார்த்தான் என்பதும் எழுதப்பட்டுள்ளது.

அக்டோபர் 3ஆம் நாள், திங்கட்கிழமை, கப்பல் முழுவதும் தீக்கிரையாயிற்று. கடலில் குதித்தவர்களைப் படகிலிருந்தவர்கள் ஈட்டியால் குத்திக் கொன்றனர். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

எழுதி வைத்த எழுத்தர்

கப்பலில் இருந்தவர் எவரும் திரும்பி வந்து கதை சொல்லவில்லை. அப்படியானால் இத்தனையும் நமக்கு எப்படித் தெரியும்? நம்மவர் புனைந்துரைத்த கதையோ என்று சிலர் ஐயுறலாம். இல்லை. இதை எழுதி வைத்தவர் தீ வைத்த கூட்டத்திலேயே இருந்த ஒரு போர்த்துக்கீசியர். தொமே லோப்பஸ் என்பது அவர் பெயர். எஸ்தவாவோவுடன் வந்த கப்பல்களுள் ஒன்றில் கணக்கெழுதும் எழுத்தராக வந்தவர். 'மீரி'யின் மக்கள் கயிறு வீசிப் பிணைத்தது அவர் பயணம் செய்த கப்பலைத்தான். தம்மீது பாய்ந்தவர்களின் வீரத்தை அவரால் மறைக்க முடியவில்லை. தம் தலைவன் செய்ததையும் அவர் மறைக்கவில்லை. தம் வாழ்நாள் முழுவதும் அந்தத் திங்கட்கிழமையை மறக்க மாட்டேன் என்று எழுதி வைத்தார்.

அவருடைய பயணக் குறிப்பு பின்னர் இத்தாலிய மொழியில், வெனிசு நகரத்து ரமூசியோ 1550இல் வெளியிட்ட பயண நூல் தொகுப்பில் அச்சேறியது. அதே படையில் வந்த மத்தேயோ ட பெர்காமோ என்ற இத்தாலிய வணிகப் பிரதிநிதியும் கடிதத்தில் இந்நிகழ்ச்சியைக் குறிப்பிட்டார்; ஆனால் சில செய்திகளை வெளியிட இது தருணமன்று என்று பாதியிலேயே பேனாவை நிறுத்திக்கொண்டார். பார்த்தவர் இருவரில் ஒருவர் வாய் மூடினார், ஒருவர் எழுதினார். எழுதிய அந்த எழுத்தருக்கு நாம் கடமைப்பட்டவர்கள். வரலாற்றைப் படிக்கும்போது, எதிரணியில் இருந்த நேர்மையாளரையும் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு சமயத்தாரையோ நாட்டாரையோ ஒரே தராசில் நிறுத்துபவர்கள் லோப்பஸை எந்தத் தட்டில் வைப்பார்கள்?

அதன் பிறகு

அங்கிருந்து கள்ளிக்கோட்டை சென்ற ட காமா, நகரத்திலுள்ள முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்ற வேண்டும் என்று சாமுத்திரி மன்னரிடம் கோரினான். மன்னர் இந்து. வந்தவனோ பீரங்கி பூட்டிய கப்பல்களோடு துறைமுகத்தை அடைத்து நிற்கிறான். சில நாட்களுக்கு முன்புதான் எழிமலைக் கடலில் நடந்ததைக் கேள்விப்பட்டிருக்கிறார். அந்த நிலையிலும் தம் குடிகளை வெளியேற்ற அவர் ஒப்பவில்லை. நவம்பர் தொடக்கத்தில் நகரத்தின் மீது குண்டுகள் விழுந்தன. 'மீரி'யில் மாண்ட வணிகர்களின் குடும்பங்கள் வாழ்ந்த தெருக்களும் அந்நகரத்தில்தானே இருந்தன. ட காமாவைப் பற்றிப் பாடம் நடத்தும் ஆசிரியப் பெருமக்கள் சாமுத்திரியின் இந்த மறுப்பையும் ஒரு வரியாவது சேர்த்துச் சொன்னால் பிள்ளைகள் நன்மை பெறுவார்கள்.

அதன்பின் கடல் முன்போல் இல்லை. அதுவரை இந்தியப் பெருங்கடலில் யார் வேண்டுமானாலும் கலம் செலுத்தலாம். துறைமுகத்தில் தீர்வை கட்டினால் போதும். இனிப் போர்த்துக்கீசியரிடம் 'கார்த்தாஸ்' எனப்படும் அனுமதிச் சீட்டு வாங்காத கப்பலைப் பிடிக்கலாம், எரிக்கலாம் என்பது சட்டமாயிற்று. ஹஜ்ஜுக்குப் போகிறவர்களும் அந்தச் சீட்டை வாங்கித்தான் தீர வேண்டும். அதில் ஈஸா நபி, மர்யம் அன்னை ஆகியோரின் உருவங்கள் பொறிக்கப்பட்டிருந்ததால், அதைக் கையில் வைத்துக்கொண்டு செல்வது கூடுமா என்ற கேள்வி அக்பரின் காலத்தில் எழுந்தது. கடல் வழியில் இந்த இழிவு, தரை வழியிலும் ஆபத்து. ஆகவே இந்நாட்டாருக்கு ஹஜ் கடமையில்லை என்றே ஓர் அறிஞர் தீர்ப்புக் கூறியதை வரலாற்றாசிரியர் பதாயூனி எழுதியிருக்கிறார். தீர்ப்பு சரியா தவறா என்பது வேறு. ஒரு கடமையே நீங்கிவிட்டதோ என்று ஆலிம்கள் விவாதிக்கும் அளவுக்கு அந்தக் கடல் அஞ்சத்தக்கதாக மாறியிருந்தது.

அரச குடும்பத்துப் பெண்களும் இதற்கு விலக்கல்லர். பாபரின் மகளும் அக்பரின் அத்தையுமான குல்பதன் பேகம் 1576இல் அரண்மனைப் பெண்கள் பலருடன் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். இந்துஸ்தானத்துப் பேரரசரின் அத்தை. ஆனாலும் போர்த்துக்கீசியரின் சீட்டு கிடைக்கும்வரை சூரத் துறைமுகத்தில் காத்துக் கிடக்க நேர்ந்தது. பேரரசரின் வீட்டுப் பெண்களுக்கே இந்த நிலை என்றால், காயலிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் புறப்பட்ட சாமானிய மரைக்காயரின் நிலையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நம் தமிழ்க் கரையிலும் தீ எட்டியது. மலபாரின் குஞ்ஞாலி மரைக்காயர்கள் சாமுத்திரியின் கடற்படைத் தலைவர்களாகப் போர்த்துக்கீசியரை எதிர்த்து நின்ற வீர வரலாறு நாம் அறிந்ததே. 1538இல் மண்டபத்துக்கு அருகிலுள்ள வேதாளைக் கரையில் மரைக்காயர்களின் கலங்களுக்கும் போர்த்துக்கீசியருக்கும் பெரும் போர் நடந்து, மரைக்காயர் தரப்பு தோல்வியுற்றது. இராமேசுவரம் செல்லும் வழியில் வேதாளையைத் தாண்டிப் போகாதவர் நம்மில் குறைவு. நின்று பார்த்தவர்களும் குறைவுதான்.

பொன்னானியில் வாழ்ந்த ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள், 1580களில் அரபு மொழியில் 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' என்ற நூலை எழுதினார்கள். போர்த்துக்கீசியர் செய்த கொடுமைகளை அடுக்கிச் சொல்லும்போது, ஹஜ் பயணத்தைத் தடுத்ததையும் கப்பல்களை எரித்ததையும் அவர்கள் மறக்காமல் பதிவு செய்தார்கள். அதே நூலில், முஸ்லிம்களை அரவணைத்து வாழவைத்த மலபார் இந்து மன்னர்களின் நற்பண்பையும் அவர்கள் எடுத்துரைத்திருக்கிறார்கள். பல ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்ற நூல் அது. மலபாரின் வரலாற்றை எழுதப் புகுவோர் இன்றும் அதைத் தொடாமல் எழுத முடிவதில்லை.

பெயர்கள்

வாசகர்களே, இந்த வரலாற்றைத் தேடிப் படித்தபோது என்னை உறுத்திக்கொண்டே இருந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எழிமலைக் கடலில் மாண்டவர்கள் பல நூறு பேர். அவர்களுள் நமக்குப் பெயர் தெரிந்தவர் ஜவ்ஹர் அல் ஃபகீஹ் ஒருவரே. அதுவும் போர்த்துக்கீசியக் காதில் விழுந்து, இத்தாலிய எழுத்தில் சிதைந்து வந்ததை அறிஞர்கள் பாடுபட்டுச் செப்பனிட்ட பெயர். அவருடைய மனைவியரின் பெயர் இல்லை. பேரம் பேசும்போது குறிப்பிடப்பட்ட மருமகனின் பெயர் இல்லை. நகையைத் தூக்கிக் காட்டிய பெண், குழந்தையைத் தூக்கிக் காட்டிய தாய், அம்பைப் பிடுங்கி எறிந்த இளைஞன் ஆகிய எவர் பெயரும் இல்லை. அவர்களுக்காகக் கள்ளிக்கோட்டையில் எத்தனை வீடுகளில் வாசலைப் பார்த்தபடி காத்திருந்திருப்பார்கள்! ஹாஜியாரை வரவேற்க வீட்டுக்கு வெள்ளையடித்துக்கூட வைத்திருப்பார்கள். நம் ஊர்களில் இன்றும் அப்படித்தானே செய்கிறோம்.

எடுத்துச் செல்லப்பட்ட 20 சிறுவர்கள் லிஸ்பனை அடுத்த பெலேமில் உள்ள மடத்தில் துறவியராக்கப்படுவதற்கென்று கொண்டு செல்லப்பட்டதாகப் போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர்கள் எழுதினர். அங்கே அவர்களுக்குப் புதிய பெயர்கள் சூட்டியிருப்பார்கள். தாய் வைத்த பெயர்கள் தீயோடு போயின. தீயை அணைக்கத் தாய்மார் போராடியதை அந்தச் சிறுவர்கள் போர்த்துக்கீசியக் கப்பல்களின் மேல்தளத்தில் நின்று பார்த்தார்களோ, அல்லது உள்ளே அடைத்து வைக்கப்பட்டிருந்தார்களோ, அதை லோப்பஸும் எழுதவில்லை.

ட காமாவின் பெயர் மட்டும் நின்று நிலைத்துவிட்டது. கோவாவில் ஒரு நகரமே அவன் பெயரால் வழங்குகிறது. கள்ளிக்கோட்டைக்கு வடக்கே காப்பாட்டுக் கடற்கரையில் அவன் வருகையைக் குறிக்கும் கல் நிற்கிறது. 1998இல், அவன் வந்து ஐந்நூறு ஆண்டுகள் ஆனதை இந்தியாவில் விழாவாகக் கொண்டாடும் பேச்சு எழுந்தபோது பலத்த எதிர்ப்புக் கிளம்பியது. எதிர்த்தவர்களில் எல்லாச் சமயத்தாரும் இருந்தனர். எழிமலையில் இப்போது இந்தியக் கடற்படையின் பயிற்சிக் கழகம் நடக்கிறது. நம் நாட்டுக் கடலைக் காக்கப் போகும் இளைஞர்கள், ஆண்களும் பெண்களும், அந்த மலையடிவாரத்தில்தான் பயிற்சி பெறுகிறார்கள்.

மங்களூர்ப் பக்கம் இரயிலில் செல்லும் வாய்ப்பு உங்களில் பலருக்குக் கிடைக்கும். கண்ணனூர் தாண்டி, பழையங்காடியும் கடந்து, பையனூர் வருவதற்கு முன் 'எழிமலை' என்ற சிறிய நிலையம் வரும். விரைவு வண்டிகள் பெரும்பாலும் நிற்பதில்லை. சன்னல் ஓரம் இருந்தால்தான் பெயர்ப் பலகையைப் பார்க்கலாம். இடப்புறம், கடலை ஒட்டி, பச்சை போர்த்திய ஒரு மலை தெரியும். ஹாஜிகள் கப்பலிலிருந்து கடைசியாகப் பார்த்த கரை அதுதான். வண்டி கடந்து போகும் அந்த ஓரிரு நிமிடத்தில் அவர்களுக்காக ஒரு ஃபாத்திஹா ஓத நேரம் இருக்கும்.